முந்தி வர வேண்டிய செய்தி

பகுதி நேர நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்தியை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, இத்தனை சென்டிமீட்டர் என்று குறித்து மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு அனுப்புவோம். அந்தக் கணக்குக்குத்தான் பணம். பழவேற்காடு ஏரியையும் அதைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களையும் பார்த்துக்கொள்ளும் நிருபராக நான் சேர்ந்தது, செய்தியைக் கவரில் போட்டுச் சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய காலத்தில். பிறகு ஃபேக்ஸ் வந்தது, இன்று வாட்ஸ்அப். அளக்கிற ஸ்கேல் மட்டும் மாறவில்லை. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை அச்சில் மூன்று சென்டிமீட்டர் வரும். படகு கவிழ்ந்து உடல் ஒதுங்கினால் அரைப் பக்கம், படத்தோடு. புயலானாலும் காட்டுத் தீயானாலும் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் முடிந்த பிறகுதானே வருகிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கூலிக் கணக்கைத்தான். ஆபத்துக்கு முன்னால் எழுதினால் காசில்லை.

சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு முனையும் முகத்துவாரமும் நம் பக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. இந்தச் சிறிய பரப்புக்குள்ளேயே தொழில் மூன்று விதம். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் பக்கம் கடல் தொழில். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பத்தில் பாடு முறை: இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டுவது யார் என்று ஊரே முறை வைத்து ஏரியைப் பங்கிட்டுக்கொள்ளும். இருளர் மக்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். கடலுக்குப் போகிறவருக்கு அலை உயரம் தெரிய வேண்டும். ஏரிக்காரருக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வரும், முகத்துவாரத்தில் இழுப்பு எப்படி இருக்கும் என்பது முக்கியம். தண்ணீருக்குள் நிற்கும் இருளர் பெண்ணுக்கு இடிமின்னல் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும். மூவருக்கும் சேர்த்து ஒரே வரியில் போடும் எச்சரிக்கை மூவரில் ஒருவருக்கும் உதவாது. இதை நான் புரிந்துகொள்ளச் சில வடகிழக்குப் பருவமழைக் காலங்கள் ஆயின.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை மதியம் வந்துவிடும். வட தமிழகக் கடலோரப் பகுதிகள், அதையொட்டிய தென்மேற்கு வங்கக்கடல், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று என்று வாசகம் இருக்கும். அதில் குறையேதும் இல்லை. அப்படியே எடுத்துப் போட்டால் செய்தியும் ஆகிவிடும். ஆனால் கோரைக்குப்பத்துப் பெரியவர் போனில் கேட்கும் கேள்வி வேறு.

"தம்பி, காத்து எப்ப எறங்கும்? வாடையா, கொண்டலா? கடல்ல கெடக்குற வலைய எடுத்துட்டு வந்துடலாமா, வாணாமா?"

ஆபத்து அந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. வலை கடலில் கிடக்கும்போது எச்சரிக்கை வந்தால், அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார மனிதனால் முடியாது. கடன் வாங்கி வாங்கிய வலை. எடுக்கப் போவான். எச்சரிக்கையை மீறினார்கள் என்று மறுநாள் எழுதுகிறோமே, அவர்களில் பலர் வலையைக் காப்பாற்றப் போனவர்கள்தான். ஆகவே வலை விடுவதற்கு முன்னாலேயே சேதி போய்ச் சேர வேண்டும். இங்கே படகு இறங்குவது விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு. பேப்பர் கட்டு பழவேற்காடு பஜாருக்கு வந்து, பிரித்து, குப்பத்து டீக்கடைக்குப் போகும்போது ஏழு மணி ஆகிவிடும். அச்சில் வரும் எச்சரிக்கையைக் கடலுக்குப் போனவனின் மனைவிதான் படிப்பாள். இது தெரிந்த பிறகு, மதிய அறிக்கை வந்ததும் செய்தி எழுதுவதற்கு முன்பே கிராம நிர்வாகிகளுக்கு போன் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். கோயில் மைக்கில் அவர்கள் சொல்வார்கள். அதன் பிறகுதான் டெஸ்குக்கு எழுதி அனுப்புவேன். செய்தியில் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை, எப்போதிலிருந்து எப்போது வரை என்று எழுதுவேன். அடியில் மாவட்டப் பேரிடர் எண் 1077, கடலோரக் காவல் 1093, கடலோரக் காவல்படை 1554 என்று சேர்ப்பேன். பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அந்தக் கடைசி வரிதான். நான் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன். சில நாள் தப்பிப் பிழைத்து அச்சில் வந்துவிடும்.

கூண்டு ஏற்றும் செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று முதல் பதினொன்று வரை உள்ள எச்சரிக்கைக் கூண்டுகள் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்காக வைத்தவை. முதல் இரண்டும் தூரத்தில் ஏதோ உருவாகிறது என்று சொல்பவை. மூன்றும் நான்கும் துறைமுகமே பாதிக்கப்படலாம் என்பதற்கு. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம், பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணூரில் கூண்டு ஏற்றினால் தொலைக்காட்சியில் பெரிய எழுத்தில் ஓடும். மூன்றாம் எண்ணுக்கும் பத்தாம் எண்ணுக்கும் ஒரே பரபரப்பு, ஒரே இசை. மூன்றாம் எண் கூண்டைப் பலமுறை பார்த்து, ஒன்றும் நடக்காமல் போனதையும் பலமுறை பார்த்த கிழவர் ஒருவர், 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்தபோதும் முதலில் நம்பவில்லை. ஊடகம் சத்தத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்தால் மக்கள் காது அதை ஒதுக்கிவிடும். எந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டு விளக்கினாலே பாதி வேலை முடிந்தது. அதற்குத்தான் இடம் கிடைப்பதில்லை.

சேதி எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் காட்டியது. குமரி மாவட்ட மீனவர்கள் செல்போன் சிக்னலுக்கு அப்பால், ஆழ்கடலில் பல நாள் தொழிலில் இருந்தார்கள். கரையில் எல்லா சேனலிலும் புயல் ஓடிக்கொண்டிருந்தது. கடலில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இதற்கு நேர் எதிரான கதை புதுச்சேரி அருகே நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் இந்தோனேசியாவில் நிலநடுக்கம், சுனாமி என்ற செய்தியைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய கிராம அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கடல் நிலவரமும் மீன் விலையும் நாள்தோறும் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி. அதில் சொன்னதும் ஊரே வெளியேறியது. சிங்கப்பூர்ச் செய்தி, ஒரு போன் அழைப்பு, ஊர் மைக். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் அன்று நல்லவாடு தப்பியிருக்காது. மீன் விலை சொல்லித் தினமும் நம்பிக்கை சம்பாதித்த குரல் என்பதால்தான் ஓடு என்றதும் மக்கள் ஓடினார்கள்.

கடற்கரை நிருபரான எனக்குக் காட்டுத் தீ பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்கலாம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீ வந்தபோது, எனக்கு நினைவு வந்தது எங்கள் ஏரிதான்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். சென்னையிலிருந்து வந்தவர்கள் மீன்பிடி ஃபைபர் படகில் ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு தாங்கும் அளவைவிட ஆட்கள் அதிகம். அன்றிரவு பொன்னேரி அரசு மருத்துவமனை வாசலில் தொலைக்காட்சி வண்டிகள் வரிசையாக நின்றன. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே மாதிரிப் படகுகளில் அதே மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அது எந்தப் பக்கத்திலும் செய்தியாகவில்லை. டச்சுக் கல்லறை, பூநாரை, படகுச் சவாரி, சுடச்சுட இறால் வறுவல் என்று சுற்றுலாப் பக்கங்களில் பழவேற்காடு அழகழகாக வந்துகொண்டிருந்தது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள் என்ற ஒரு வரி அந்தக் கட்டுரைகளில் எதிலும் நான் பார்த்ததில்லை.

குரங்கணியிலும் அதே கதை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் இரு குழுக்கள் மலையேறியிருந்தன. இறங்கும்போது ஆளுயரக் காய்ந்த புல்லில் தீ சூழ்ந்தது. முதலில் ஓடியவர்கள் உள்ளூர் மக்களும் வனத்துறையினரும். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போனார்கள். அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக அரசு நியமித்தது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. நாடே நேரலையில் பார்த்தது. ஆனால் அந்த மலைத்தொடரில் பிப்ரவரி தொடங்கினாலே தீ பிடிப்பது வழக்கம். அது மாவட்டப் பதிப்பின் உள்பக்கத்தில் ஒரே பத்தியில் முடிந்துபோகும். சென்னையில் வார இறுதிக்கு மூட்டை கட்டும் இளைஞரின் கண்ணில் அது படாது.

காட்டுத் தீயைத் தடுப்பதில் செய்தி ஊடகத்துக்கு என்ன வேலை என்றால், அந்த வேலை ஜனவரியில் தொடங்க வேண்டும். நம் நாட்டுக் காடுகளில் தீ பெரும்பாலும் தானாக வருவதில்லை. புதுப் புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சல்காரர் வைப்பது, தேன் எடுக்கப் போனவரின் பந்தம், பாதையோரம் எறிந்த பீடி. மனிதர் வைப்பது என்றால் மனிதரிடம் சொல்லித் தடுக்க முடியும். கோடைக்கு முன் வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டும். சருகைக் கூட்டி அகலமாகத் தரையை வெறுமையாக்கிவிட்டால் தீ எளிதில் அதைத் தாண்டாது. இந்த ஆண்டு எந்தச் சரகத்தில் கோடு வெட்டினார்கள், எங்கே வெட்டவில்லை, தீக்காவலர்களுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது நிருபரின் வேலை. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீப்புள்ளிகளைக் கண்டு வன ஊழியரின் போனுக்கே தகவல் அனுப்புகிறது. அந்தத் தகவலுக்குப் பொதுமக்களும் பதிவு செய்யலாம். மலையடிவார நிருபர் ஒருவர் பதிவு செய்து வைத்திருந்தால், சனிக்கிழமை காலைப் பதிப்பில் இந்த மலையில் தீ இருக்கிறது, போகாதீர்கள் என்று ஊர்ப்பெயரோடு எழுத முடியும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும், ஓடையிடுக்கில் ஒளியக்கூடாது, ஏற்கெனவே எரிந்து அடங்கிய கருந்தரைதான் இருப்பதில் பத்திரமான இடம் என்ற மூன்று வாக்கியங்களை மலையேற்றக் கட்டுரை ஒவ்வொன்றின் அடியிலும் அச்சிடலாம். எத்தனை பேர் காப்பாற்றப்படுவார்கள் என்று எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியாது. அச்சிடாமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தீயை நானும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு கரையோரம் வளர்த்த சவுக்குத் தோப்புகளில் கோடைக்குள் சருகு முழங்கால் புதையும் அளவுக்குச் சேர்ந்துவிடும். ஒரு சித்திரை மாத மதியம், கடற்காற்று எழும்பும் நேரத்தில் ஒரு குப்பத்தின் தோப்பு பற்றியது. மேலே தெரிந்த தீ சிறியது. அடியில் அது சருகுக்குள்ளேயே ஊர்ந்து பத்தடி தள்ளி எழும்பியது. ஒரு இடத்தில் மிதித்து அணைத்தால் முதுகுக்குப் பின்னால் புகையும். தீயணைப்பு வண்டி தார்ச் சாலையோடு நின்றது. மணலில் சக்கரம் இறங்காது. பெண்கள் கோணிச் சாக்கை ஏரித் தண்ணீரில் முக்கி முக்கி அடித்தார்கள். ஆண்கள் மண்வெட்டியால் குடிசைகளுக்கும் தோப்புக்கும் நடுவே சருகைத் தள்ளி மணலை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வெறும் மணல்தான் ஊரைக் காப்பாற்றியது. யாரும் சாகவில்லை, வீடும் எரியவில்லை. அதனால் செய்தி வரவில்லை. அடுத்த ஆண்டு மாசியிலேயே, தோப்புச் சருகு குடிசை ஓரம் வரை கிடக்கிறது, தீயணைப்பு வண்டிக்கு வழியில்லை என்று படத்தோடு எழுதினேன். இரண்டு பத்திதான் வந்தது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய் ஊர் நிர்வாகிகள் அதிகாரியிடம் காட்டினார்கள். சருகு அள்ளினார்கள். வண்டிக்கு வழி இன்னும் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி பரவிய காட்டுத் தீயில் 173 பேர் இறந்தார்கள். அதன் விசாரணையில் எச்சரிக்கை எப்படிச் சொல்லப்பட்டது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. அங்கே ஏபிசி வானொலியின் உள்ளூர் நிலையங்கள் தீக்காலத்தில் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, இந்தச் சாலை திறந்திருக்கிறது, இந்த ஊர்க்காரர்கள் இப்போதே கிளம்புங்கள், அந்த ஊர்க்காரர்களுக்கு இனிக் கிளம்ப நேரமில்லை என்று பேர் சொல்லிப் பேசுகின்றன. நமக்கும் வானொலி இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை எஃப்.எம். 90.4-இல் பேசுகிறது. பழவேற்காட்டுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று பல காலமாகக் கேட்கிறோம். செல்போன் கோபுரம் சாயும் நாளில் பேட்டரி ரேடியோதான் பேசும்.

ஊடகம் ஊர்ப்பெயரைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது பார்த்தேன். காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் படகுகளில் தார் பூசியதுபோல் எண்ணெய் அப்பியிருந்தது. சிறகு ஒட்டிய கூழைக்கடாக்களின் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அந்தப் படங்களும் செய்திகளும் இல்லாவிட்டால் இந்த விவகாரம் அவ்வளவு சீக்கிரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்காது. செய்திகளைப் பார்த்துத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதியபோதும், கசிவு பெரிதில்லை என்ற பேச்சை மாற்றியது கரையில் வாளியில் அள்ளியவர்களின் படங்கள்தான். இவ்வளவும் ஊடகத்தின் பெருமை. ஆனால் 2023-இல் "மீனில் எண்ணெய்" என்று ஊர்ப்பெயர் இல்லாமல் சிலர் தலைப்புப் போட்டார்கள். கூடையில் மடவையும் நண்டும் வைத்துக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ப் பெண்களிடம் வாங்க ஆள் இல்லை. "இது ஏரி மீனுப்பா, எண்ணூர் இல்ல" என்று அவர்கள் எத்தனை பேரிடம் சொல்வார்கள்? எங்கே எண்ணெய் வந்தது, எங்கே வரவில்லை என்று இடம் பிரித்து நான் எழுதி அனுப்பிய செய்தி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் கூடைக்காரப் பெண்களின் வாரக் கடன் தவணை தப்பிவிட்டது. இரண்டு வாரத்தில் கேமராக்கள் போய்விட்டன. யாருக்கு எவ்வளவு நிவாரணம் வந்தது, பட்டியலில் யார் பெயர் விடுபட்டது, வலைக்குக் கணக்கு உண்டா என்று தொடர்ந்து எழுதுவதுதான் அதற்குப் பிந்தைய வேலை. காட்டுத் தீயிலும் அப்படியே. எரிந்த சரிவில் அடுத்த மழையில் மண் இறங்கும், ஓடை அடைபடும், மேய்ச்சல் போகும். அதை எழுதத் திரும்பிப் போகிற நிருபர்கள் மிகக் குறைவு.

எச்சரிக்கைச் செய்திக்கும், நடந்ததைத் தொடர்ந்து எழுதும் செய்திக்கும் சென்டிமீட்டர் பார்க்காமல் ஒரே தொகை கொடுங்கள் என்று எங்கள் மாவட்ட நிருபர்கள் கூட்டத்தில் கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்போம். அதுவரை என் வேலை போனில் நடக்கிறது. புரட்டாசி பிறந்ததும், வாடை தொடங்குவதற்கு முன், குப்பம் குப்பமாகப் போய் எண்களைச் சரிபார்ப்பேன். சிம் மாற்றியிருப்பார்கள், நிர்வாகிகள் மாறியிருப்பார்கள், கோயில் மைக் பழுதாகியிருக்கும். மாசியில் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு தோப்போரக் குடிசைகளுக்குப் போவேன். இப்போது அந்தப் பட்டியலில் பெண்களின் எண்களே அதிகம். ஆண்கள் தண்ணீரில் இருக்கும் நேரத்தில் போனை எடுப்பது அவர்கள்தான். கோயில் மைக்குக்கு ஆள் இல்லாவிட்டால் தெருவில் இறங்கிச் சத்தம் போட்டுச் சொல்வதும் அவர்கள்தான்.